அரிசி மூட்டையை இங்கேயே விட்டுச் செல்லுங்கள்

பாலக்கோடு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துவந்த அவருடைய கணவருக்குத் தெற்கு ஜெர்மனியில் ஒரு சிறு நகரத்தில் வேலை கிடைத்திருக்கிறது. கணவர் அடுத்த மாதம் கிளம்புகிறார். இரண்டு மாதம் கழித்து இவர், ஆறு வயது மகள், மூன்று வயது மகன் ஆகிய மூவரும் போய்ச் சேர வேண்டும். குடும்பம் சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. வாடகை போக, வீடு கட்டிய கடனுக்கு ஊருக்கும் பணம் அனுப்ப வேண்டியிருப்பதால், சாப்பாட்டுக்கு மாதம் 300 யூரோவுக்கு மேல் கூடாது என்று கணவர் கணக்குப் போட்டிருக்கிறார். “ஒரு யூரோவை ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் ஒரு முட்டைக்கோசு வாங்கவே மனம் வராது போலிருக்கிறது. அதனால் ஆறு மாதச் சாமானை இங்கிருந்தே கொண்டுபோய்விடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்” என்கிறார் வாசகி. பொன்னி அரிசி 20 கிலோ, துவரம்பருப்பு 5 கிலோ, வீட்டு நெய் 2 கிலோ, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, ஊறுகாய், தேங்காய், இட்லிக்கு மாவரைக்கும் கிரைண்டர் என்று பட்டியல் நீள்கிறது. முட்டை இல்லாமல் அந்தக் குளிரில் பிள்ளைகள் தேற மாட்டார்கள் என்று அக்கம்பக்கத்தார் சொல்வது அவரை அச்சுறுத்துகிறது. அங்கே போனால் ரொட்டியும் பாலும்தான் என்று மாமியார் தினமும் அழுகிறாராம். கடிதத்தின் கடைசியில் ஒரு வரி: “பழமும் பாலும் குழந்தைகளுக்கும் அவருக்கும் போதும். நான் மிச்சம் இருப்பதைச் சாப்பிட்டுக்கொள்வேன், என்னைப் பற்றிக் கவலை இல்லை.”

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அந்தக் கடைசி வரிதான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் மூட்டையைப் பிரிப்போம்.

நீங்கள் எழுதிய பட்டியலைக் கூட்டினால் 50 கிலோவைத் தாண்டுகிறது. குழந்தைகளின் குளிர் உடைகளை இன்னும் சேர்க்கவில்லை. டிக்கெட்டில் எத்தனை கிலோ அனுமதி என்று பாருங்கள். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு கிலோவுக்கும் விமான நிறுவனம் வாங்கும் கட்டணத்தில், அங்கே அதே அரிசியைப் பல கிலோ வாங்கிவிடலாம். பெங்களூரு விமான நிலையத்தில் தராசின் முன்னால் பெட்டியைத் திறந்து, அரிசியை எடுப்பதா குழந்தையின் ஸ்வெட்டரை எடுப்பதா என்று தவிக்கும் நிலை உங்களுக்கு வரக் கூடாது.

எடையை விடப் பெரிய சிக்கல் சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சி, பால், பாலில் செய்த பொருள்கள் எதையும் கொண்டுபோக முடியாது. நெய் பாலில் செய்த பொருள். வீட்டில் காய்ச்சியது என்பதாலோ பூஜைக்கு என்பதாலோ விலக்குக் கிடைக்காது. பன்னீரும் பால்கோவாவும் அப்படித்தான். பிடிபட்டால் பறிமுதல் செய்வார்கள். மறைத்துக் கொண்டுபோனால் அபராதமும் போடலாம். புதிய நாட்டின் வாசலில் உங்கள் முதல் அனுபவம் அதுவாக இருக்க வேண்டாம். நெய்யைப் பற்றிக் கவலையும் வேண்டாம். அங்கே உப்புச் சேர்க்காத வெண்ணெய் 250 கிராம் கட்டிகளாக எந்தக் கடையிலும் கிடைக்கிறது. முருங்கை இலை கிடைக்காவிட்டாலும் அதைக் காய்ச்சி எடுத்தால் நல்ல நெய்தான்.

பச்சைக் காய், பழம், இலை, விதை ஆகியவற்றுக்கு 2019 டிசம்பரிலிருந்து தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் அனுமதிக்கப்படுபவை ஐந்தே: அன்னாசி, தேங்காய், டுரியன், வாழைப்பழம், பேரீச்சை. ஆகவே கறிவேப்பிலைக் கொத்தும் சின்ன வெங்காயமும் பட்டியலிலிருந்து போகட்டும். தேங்காய்க்கு ஐரோப்பாவில் தடை இல்லை என்றாலும், கொப்பரை எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் விமானத்தில் அதற்குத் தடை உண்டு. முழுத் தேங்காயிலும் நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறுகிறது. எடைக்கும் தொல்லைக்கும் அது தகாது. அங்கே உலர்ந்த தேங்காய்த் துருவல் பாக்கெட்டில் விற்கிறது. வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து அரைத்தால் சட்னிக்கும் கூட்டுக்கும் போதும்.

எதைக் கொண்டுபோவது

எடை குறைவாக, சுவை அதிகமாக, அங்கே விலை கூடுதலாக இருப்பதை மட்டும் கொண்டுபோங்கள். கொட்டை நீக்கிய நம் புளி இரண்டு கிலோ. வீட்டில் அரைத்த சாம்பார்ப் பொடி, மிளகாய்த் தூள், மஞ்சள் தூள், பெருங்காயம். கறிவேப்பிலையை நிழலில் காயவைத்து, வறுத்து, பொடியாக்கிக்கொள்ளுங்கள். பருப்புப் பொடி, சுண்டைக்காய் வற்றல். கொள்ளை முழுதாக எடுத்துப் போகாமல் வறுத்துப் பொடித்து எடுத்துப் போங்கள். ஊறுகாய் அரைக் கிலோ போதும். எண்ணெய் கசிந்தால் பெட்டி முழுவதும் பாழ்.

கேழ்வரகு மாவை மூன்று கிலோ கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். நம் தருமபுரி மாவட்டத்துப் பிள்ளைகள் களியிலும் கூழிலும் வளர்ந்தவர்கள். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. பால் குடிக்க மறுக்கும் குழந்தைக்கு அது பெரிய துணை. அரைத்ததும் லேசாக வறுத்து, முழுதும் ஆறவிட்டு, காற்றுப் புகாத பைகளில் கட்டுங்கள். வாரத்தில் இரண்டு முறை என்றால் மூன்று கிலோ இரண்டு மூன்று மாதம் வரும். அந்த மாவை வண்டு பிடிக்காமல் வைத்திருக்கவும் அதற்கு மேல் இயலாது.

எல்லாவற்றையும் ஒட்டி மூடிய பைகளில், மேலே பெயர் எழுதிய சீட்டோடு வையுங்கள். பெயரில்லாத பழுப்பு நிறப் பொடியைப் பார்க்கும் சுங்க அதிகாரி கேள்வி கேட்பது இயல்பு.

கிரைண்டர் வேண்டாம். கல்லின் எடையே உங்கள் அனுமதியில் பாதியைத் தின்றுவிடும். மிக்ஸியைக் கொண்டுபோகலாம்: அங்கும் மின்சாரம் நம்முடையது போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்கின் வடிவம் மட்டும் வேறு; நில இணைப்போடு கூடிய நல்ல அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். குக்கர் எவர்சில்வரில், இண்டக்‌ஷன் அடுப்புக்கும் பொருந்தும் அடிப்பாகத்தோடு மூன்று லிட்டர் அளவில் எடுங்கள். அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷனில் சூடேறாது. பெரும்பாலான வாடகை வீடுகளில் மின்சார அடுப்புதான் இருக்கும். குக்கருக்கு இரண்டு ரப்பர் வளையமும் ஒரு பாதுகாப்பு வால்வும் கூடுதலாக வையுங்கள்.

அங்கே என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொண்டால் பாதிக் கவலை போய்விடும்

இந்தியக் கடையில்தான் நம் சாப்பாட்டுச் சாமான் கிடைக்கும் என்பது உங்கள் கடிதம் முழுவதிலும் ஓடும் எண்ணம். நீங்கள் போகும் சிறு நகரத்தில் இந்தியக் கடையே இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் அது மாதத்துக்கு ஒரு முறை உளுந்துக்கும் துவரைக்கும் போகும் இடமாக இருக்கட்டும். அன்றாடக் கடை அல்டி, லிடில், பென்னி போன்ற மலிவு விலைக் கடைகள்தான். அடுத்தது துருக்கியர் நடத்தும் மளிகை. கொத்தமல்லி, புதினா, கத்தரிக்காய், வெண்டைக்காய், எலுமிச்சை, கொண்டைக்கடலை, சீரகம் எல்லாம் அங்கே கிடைக்கும். காய்கறிக் கட்டுகளும் பெரிதாக இருக்கும்.

அரிசியை எடுத்துக்கொள்வோம். பார்பாய்ல்ட் என்று எழுதிய அரிசி ஜெர்மனியில் சாதாரணக் கடை எல்லாவற்றிலும் இருக்கிறது. அது புழுங்கல் அரிசிதான். நீளமாக இருக்கும், பொன்னியின் மென்மை இருக்காது. ஆனால் சோறாகும், தோசைக்கும் அடைக்கும் அரைபடும். மில்ஷ்ரைஸ் என்ற குட்டை அரிசி குழைந்து வரும். பொங்கலுக்கும் தயிர்ச்சோற்றுக்கும் அதை வாங்குங்கள்.

பருப்பு: ரோட்ட லின்சன் என்பது நம் மைசூர்ப் பருப்பு. ஊறவைக்க வேண்டாம், குக்கரே இல்லாமல் கால் மணி நேரத்தில் குழைந்துவிடும். பூண்டு, தக்காளி, பச்சை மிளகாய் போட்டு வேகவைத்து மத்தால் கடைந்தால் நம் வீட்டுப் பருப்புக் கடைசல்தான். துவரைக்கு ஈடா என்று மாமியார் கேட்பார். வாசம் கொஞ்சம் வேறு. ஆனால் நூறு கிராமுக்கு 24 கிராம் அளவில் புரதம் உள்ள பருப்பு. முதல் மாதம் துவரம்பருப்பைத் தேடி அலையாமல் இதில் பழகிக்கொள்ளுங்கள்.

ஹிர்ஸ என்று ஒரு மஞ்சள் நிறச் சிறுதானியம் அங்கே விற்கிறது. அதைக் கண்டதும் நீங்கள் மகிழ்ந்துபோவீர்கள். அது பனிவரகு. சித்தேரி மலைச் சாமையை வேகவைத்துப் பழகிய கைக்கு அது புதிதே அல்ல. ஒன்றுக்கு இரண்டரை மடங்கு தண்ணீர் விட்டு வேகவைத்து, மைசூர்ப் பருப்பும் மிளகும் சேர்த்தால் பொங்கல். மோர் விட்டால் குழந்தைகளுக்கு மதியச் சாப்பாடு. துருக்கிக் கடையின் புல்குர் என்பது வேகவைத்து உலர்த்தி உடைத்த கோதுமை, உப்புமாவுக்கு உகந்தது. ரவை வைட்சன்க்ரீஸ் என்ற பெயரில் இருக்கும். சப்பாத்திக்கு முழுக்கோதுமை மாவு, அதாவது ஃபோல்கோர்ன், சற்றுச் சொரசொரப்பாக இருப்பதால், மூன்றில் ஒரு பங்கு 405 அல்லது 550 என்று எண் போட்ட வெள்ளை மாவைக் கலந்து பிசையுங்கள்.

காய்கறியில் நீங்கள் இழக்கப்போவது முருங்கை, சுரை, பீர்க்கை, அவரை. மற்றவை பெரும்பாலும் இருக்கின்றன: முட்டைக்கோசு, கேரட், பீட்ரூட், உருளை, நூல்கோல், காலிபிளவர், வெங்காயம், கீரை வகையில் பசலை. உறையவைத்த பசலை, பட்டாணி, பீன்ஸ் பாக்கெட்டுகளை ஏளனமாக நினைக்காதீர்கள். பறித்த உடனே உறையவைப்பதால் சத்து பெரும்பாலும் தங்குகிறது. அழுகல், கழிவு இல்லை. குளிர்காலத்தில் விலையும் ஏறாது. கிரீம் கலந்த பசலையும் பக்கத்திலேயே இருக்கும், அதை எடுத்துவிடாதீர்கள். தக்காளி மட்டும் உங்களுக்கு மனவருத்தம் தரும். பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டிகளில் தக்காளியைக் கூடை கூடையாகப் பார்த்தவருக்கு அங்கே குளிர்காலத் தக்காளியில் புளிப்பும் இருக்காது, சாறும் இருக்காது. டின்னில் வரும் தோலுரித்த தக்காளியைக் குழம்புக்கும் ரசத்துக்கும் பயன்படுத்துங்கள்; அது மலிவும்கூட.

300 யூரோ போதுமா

இறுக்கம்தான். ஆனால் மூன்று வேளையும் வீட்டில் சமைக்கும் சைவக் குடும்பத்துக்கு இயலாதது அல்ல என்பது என் கணிப்பு. முதல் மாதம் மட்டும் எண்ணெய், உப்பு, டப்பா, பாத்திரம் என்று செலவு கூடும். அந்த மாதத்துக்கு இன்னும் 100 யூரோ தனியே ஒதுக்குங்கள். மாதக் கணக்கை வாரக் கணக்காக மாற்றி, வாரத்துக்கு 70 யூரோ என்று உறையில் போடுங்கள். மாதத்தின் கடைசியில் பால் வாங்கப் பணமில்லை என்ற நிலை வராமல் இருக்க இதுவே வழி.

யூரோவை ரூபாயில் பெருக்குவதை, விமானம் ஏறும் நாளோடு நிறுத்திவிடுங்கள். இதை அழுத்தமாகவே சொல்கிறேன். வெளிநாடு போன குடும்பங்களில் பெண்களும் குழந்தைகளும் சத்துக் குறைந்துபோவதற்கு இந்தப் பெருக்கல் ஒரு காரணம். சம்பளம் யூரோவில் வருகிறது, வாடகை யூரோவில் போகிறது. முட்டைக்கோசை மட்டும் ரூபாயில் பார்த்து வாங்காமல் விட்டால் இழப்பது காய்கறிதான். பெருக்கிப் பார்க்கிறவர்கள் முதலில் நிறுத்துவது பழம், அடுத்தது காய். கடைசி வரை நிறுத்தாதது வெள்ளை அரிசியும் உருளைக்கிழங்கும் பிஸ்கட்டும். ஒரு பொருள் விலை கூடுதலா என்று பார்க்க வேறு வழி இருக்கிறது. அங்கே கடை அலமாரிச் சீட்டில் பாக்கெட் விலைக்குக் கீழே கிலோ விலையையோ லிட்டர் விலையையோ அச்சிட வேண்டும் என்பது சட்டம். சிறிய எழுத்தில் இருக்கும். அந்த எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். கடையின் சொந்தப் பெயரில் வரும் பாக்கெட் பெரும்பாலும் கீழ்த்தட்டில் இருக்கும்; குனிந்து பாருங்கள்.

எவ்வளவு வாங்குவது என்பதற்கு, ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியை வைத்துக்கொள்ளலாம். 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காயும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பாலோ தயிரோ 300 மில்லி. உங்கள் இரண்டு குழந்தைகளையும் சேர்த்து ஒரு பெரியவர் என்று கொண்டால், வீட்டில் மூன்று பங்கு. ஒரு வாரத்துக்குத் தானியம் ஐந்தேகால் கிலோ, பருப்பும் கடலையும் ஒன்றே முக்கால் கிலோ, காய்கறி எட்டரை கிலோ, பழம் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். பால் கணக்குப்படி ஆறரை லிட்டர். வளரும் பிள்ளைகள் என்பதால் எட்டு லிட்டராக வையுங்கள்.

இந்த அளவைக் கையில் எழுதி வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். காய்கறி எட்டரை கிலோ என்றதும் மலைப்பாக இருக்கும். அதில் பாதி முட்டைக்கோசு, கேரட், பீட்ரூட், வெங்காயம் போன்ற மலிவுக் காய்களாகவே இருக்கட்டும். உருளைக்கிழங்கை இந்தக் கணக்கில் சேர்க்காமல் தானியத்தோடு சேருங்கள். பழத்தில் ஆப்பிளும் வாழையும் போதும். கிருஷ்ணகிரி மாம்பழத்தை ஊருக்கு வரும்போது சாப்பிடலாம்.

குழாய்த் தண்ணீரைத் தயக்கமின்றிக் குடிக்கலாம். பாட்டில் தண்ணீர் வாங்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும். சனிக்கிழமை மாலைக்குள் பால் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஒரு வாரத்தை எப்படி ஓட்டுவது

ஏழு நாளுக்கும் இருபத்தோரு வேளைக்கும் பட்டியல் போட்டுத் தரச் சொல்லியிருந்தீர்கள். அப்படிப்பட்ட பட்டியலை யாரும் இரண்டாவது வாரம் பின்பற்றுவதில்லை. அதனால் மூன்று வேலைகளை மட்டும் நிலையாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

முதலாவது அடை மாவு. புழுங்கல் அரிசி இரண்டு பங்கு, மைசூர்ப் பருப்பும் கொண்டைக்கடலையும் சேர்ந்து ஒரு பங்கு. கடலையை முந்தின இரவே ஊறவையுங்கள். மிக்ஸியில் கொரகொரப்பாக அரைத்தால் போதும்; புளிக்க வேண்டியதில்லை. குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்காமல் கல்லாக நிற்கும். அதற்கு அழுது மாளாமல் அடைக்கு மாறிவிடுங்கள். இட்லி வேண்டும் என்றால், மாவை அடுப்பின் ஓவனுக்குள் வைத்து அதன் விளக்கை மட்டும் எரியவிடுங்கள். நம் ஊரில் ஓர் இரவில் புளிப்பது அங்கே அரை நாளுக்கு மேல் ஆகும். அடை மாவு ஃபிரிட்ஜில் மூன்று நாள் இருக்கும். கேரட்டையும் முட்டைக்கோசையும் துருவிப் போட்டால் அதுவே முழுச் சாப்பாடு. காலைக்கும் ஆகும், இரவுக்கும் ஆகும்.

இரண்டாவது, ஒரு குக்கர் கடலை. சனிக்கிழமை அரைக் கிலோ கொண்டைக்கடலையை ஊறவைத்து, ஞாயிறு வேகவைத்து, மூன்றாகப் பிரித்து உறைநிலைப் பெட்டியில் வையுங்கள். ஒன்று குருமா, ஒன்று பள்ளிக்குச் சுண்டல், ஒன்று புளிக்குழம்பு. டின் கடலை வசதிதான். ஆனால் உலர்ந்த கடலை கிலோ விலையில் மலிவு.

மூன்றாவது தயிர். வெறும் தயிர் டப்பா ஒன்று வாங்கி, அதை உறையாக விட்டு வீட்டிலேயே தோய்த்துக்கொள்ளுங்கள். கூடவே குவார்க் என்ற பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீர் வடித்த புளிப்புத் தயிர் மாதிரி இருக்கும். நூறு கிராமுக்குச் சுமார் 12 கிராம் புரதம், விலையும் குறைவு. வெள்ளரிக்காய், உப்பு, சீரகம் போட்டுப் பச்சடியாகவும், வாழைப்பழம் மசித்துக் குழந்தைகளுக்குச் சிற்றுண்டியாகவும் கொடுக்கலாம்.

இவை மூன்றும் கையில் இருந்தால், பள்ளி நாட்களில் மாலை ஐந்து மணிக்கு என்ன சமைப்பது என்று திகைக்க மாட்டீர்கள். சோறும் கடைசலும் ஒரு நாள், சப்பாத்தியும் குருமாவும் ஒரு நாள், பனிவரகுப் பொங்கல் ஒரு நாள். சனிக்கிழமை கேழ்வரகுக் களியும் பசலைக்கீரைக் கடைசலும் கட்டாயம். களி கிளறப் பாத்திரம் அடி கனமாக இருக்கட்டும். மின்சார அடுப்பு அணைத்த பிறகும் சூட்டை விடாது.

மகளின் பள்ளியிலும் மகனின் மழலையர் பள்ளியிலும் பிள்ளைகள் காலையில் ஒரு டப்பாவில் சூடில்லாத சிற்றுண்டி கொண்டுபோவது வழக்கம். சுருட்டிய சப்பாத்தி, அடைத் துண்டு, சுண்டல், கேரட் குச்சி, ஆப்பிள் போதும். அங்கே மதியச் சாப்பாடு சாப்பிடுவதானால், இறைச்சி, மீன், முட்டை, விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கும் ஜெலட்டின் ஆகிய நான்கும் கூடாது என்று பெயர் பெயராக எழுதிக் கொடுங்கள். சைவம் என்று மட்டும் சொன்னால் சிலர் மீனைப் பரிமாறுவார்கள். முட்டை பரிமாறுவது அங்கே தவறாகவே கருதப்படாது.

பச்சைப் புள்ளியை நம்பாதீர்கள்

பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம் என்பது நம் நாட்டுச் சட்டம். அங்கே அந்த முறை இல்லை. அதைவிட ஆபத்து, பச்சை நிறத்தில் இரண்டு அம்புகள் பின்னிய வட்டமுத்திரை ஒன்று அங்கே பல பாக்கெட்டுகளில் இருக்கிறது. அது உறையை மறுசுழற்சி செய்யும் திட்டத்தின் குறி. அதைப் பார்த்துச் சைவம் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். சைவத்துக்கு, மஞ்சள் வட்டத்தில் வி எழுத்தும் இலையும் கொண்ட முத்திரையைத் தேடுங்கள். ஆனால் முட்டை இல்லை என்பதற்கு அது உறுதி ஆகாது; பொருள் பட்டியலையும் படியுங்கள்.

பொருள் பட்டியலில் பார்க்க வேண்டியவை: ஜெலட்டினே, ஷ்மால்ட்ஸ் என்ற பன்றிக் கொழுப்பு, ஷ்பெக் என்ற பன்றி இறைச்சி. சில பழத் தயிர்களிலும், பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளும் மெல்லும் மிட்டாய்களிலும் ஜெலட்டின் இருக்கும். மகளிடம் இதை முன்கூட்டியே சொல்லி, வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவரப் பழக்குங்கள். மற்றப் பிள்ளைகள் முன் அவள் அழ நேரக் கூடாது. பாலாடைக்கட்டியில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறை சேர்வதுண்டு. நுண்ணுயிர் உறை என்ற பொருளில் மிக்ரோபியெல்லஸ் லாப் என்று எழுதியதை வாங்குங்கள். பார்மசான் என்ற பாலாடைக்கட்டியில் கன்றின் உறைதான் சேரும்; அதைத் தவிருங்கள்.

முட்டை, குளிர், பிள்ளைகளின் வளர்ச்சி

முட்டை நல்ல உணவுதான். ஆனால் அது இல்லாமல் பிள்ளைகள் வளர மாட்டார்கள் என்பது தவறு. பாலும் தயிரும் அன்றாடம், ஒவ்வொரு வேளையிலும் பருப்போ கடலையோ, அதோடு தானியம் என்றால் புரதம் தேவைக்கு வந்துவிடும். கொடுப்பதும் கொடுக்காமலிருப்பதும் உங்கள் குடும்பத்தின் முடிவு. அக்கம்பக்கத்தார் அச்சுறுத்துவதற்காக மாற்ற வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை வேறு. பி12 சத்து உங்களுக்குப் பாலிலிருந்தும் தயிரிலிருந்தும் மட்டுமே வரும். செலவைச் சுருக்க அதைக் குறைத்தால் ஒரு நாள் நரம்புகளே பாதிக்கப்படும். ஜெர்மனியில் அக்டோபர் முதல் மார்ச் வரை வெயிலின் வலு தோல் வைட்டமின் டி தயாரிக்கப் போதாது; எவ்வளவு மருந்து என்று குழந்தைகள் மருத்துவர் சொல்வார், நீங்களாகக் கொடுக்க வேண்டாம். இரும்புச் சத்து பருப்பிலும் ஓட்ஸிலும் கடலையிலும் இருக்கிறது. எலுமிச்சையோ குடைமிளகாயோ உடன் சேர்ந்தால் உடலில் ஏறும். சாப்பிட்டவுடன் குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

உப்பில் ஒரு செய்தி. நம் நாட்டில் சமையல் உப்பில் அயோடின் கட்டாயம். அங்கே கட்டாயம் இல்லை. யோட்சால்ட்ஸ் என்று எழுதியதைத் தேர்ந்தெடுங்கள். சிலவற்றில் ஃபுளோரைடும் சேர்ந்திருக்கும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லில் பழுப்புக் கறை விழும் மாவட்டம் நம்முடையது; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்தது. பிள்ளைகள் பல்லில் கறை இருந்தால், அங்குள்ள பல் மருத்துவரிடம் காட்டிக் கேட்கும்வரை அயோடின் மட்டும் உள்ள உப்பையே வாங்குங்கள்.

இப்போது அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். மிச்சம் இருப்பதைச் சாப்பிட்டுக்கொள்வேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஊரில் இருக்கும்வரை, நீங்கள் ஒரு வேளை சரியாகச் சாப்பிடவில்லை என்றால் மாமியார் பார்ப்பார், பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் வரும், தோட்டத்தில் ஒரு கொய்யா இருக்கும். அங்கே யாரும் இல்லை. குளிரில் இரண்டு குழந்தைகளைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போய், தெரியாத மொழியில் கடை கண்ணிக்குப் போய், மாலையில் சமைப்பவர் நீங்கள். நீங்கள் சோர்ந்து விழுந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. மேலே சொன்ன மூன்று பங்கில் ஒரு முழுப் பங்கு உங்களுடையது. 300 மில்லி பாலும் ஒரு பழமும் உங்கள் பெயரில் எழுதி வையுங்கள். கணவரிடமும் இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள். கடன் தவணை நெருக்கினால் பிஸ்கட், சிப்ஸ், பழச்சாறு, வெளிச் சாப்பாடு ஆகியவற்றை நிறுத்துங்கள். உங்கள் பாலை நிறுத்தாதீர்கள்.

கிளம்பும் முன்

உங்களுக்கு ஹீமோகுளோபின், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி நான்கையும் இங்கேயே சோதித்துவிடுங்கள். குறை இருந்தால் மருந்தை இங்கேயே தொடங்கி, மருத்துவரின் சீட்டோடு கொண்டுபோகலாம். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைக் கைப்பெட்டியில் வையுங்கள். தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று இல்லாமல் அங்கே பள்ளியிலும் மழலையர் பள்ளியிலும் சேர்ப்பது சிக்கலாகும். 2020 மார்ச்சிலிருந்து அது அங்கே சட்டம்.

இரண்டு மாதம் தனியாக இருக்கப்போகும் உங்கள் கணவருக்குச் சமைக்கத் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. தெரியாது என்றால், கிளம்பும் முன் சோறு, பருப்புக் கடைசல், அடை, உப்புமா நான்கையும் அவர் கையாலேயே செய்யப் பழக்குங்கள். நீங்கள் அடுப்பங்கரைக்கு வெளியே உட்கார்ந்துகொள்ளுங்கள். அவர் அங்கே போன முதல் வாரத்தில் அடுப்பு எந்த வகை, எந்தக் கடை எவ்வளவு தூரம், மைசூர்ப் பருப்பும் புழுங்கல் அரிசியும் பாலும் கிலோ, லிட்டர் விலையில் எவ்வளவு என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த விலைகளை நான் தந்த வார அளவோடு பெருக்கிப் பார்த்து, 300 போதுமா 350 வேண்டுமா என்று நீங்கள் புறப்படும் முன்பே இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். உங்கள் பெட்டியை அதற்குப் பிறகு கட்டினால் போதும்.